கம்பைலரை எடைபோடும் முன் தராசைச் சோதியுங்கள்: பெஞ்ச்மார்க் தொகுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பைலருக்கு (மூலக் கோடை இயங்கும் பைனரியாக மாற்றும் நிரல்) ஒரு புதிய ஆப்டிமைசேஷனை, அதாவது நிரலை வேகமாக்கும் உத்தியை, எழுதி முடித்து, பெஞ்ச்மார்க் தொகுப்பை (வேகத்தை அளக்க வைத்திருக்கும் நிரல்களின் தொகுப்பு) ஓட்டிப் பார்த்தேன். அதில் ஒரு நிரல் 3% வேகமாகியிருந்தது. இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். அப்புறம்தான் பழைய கம்பைலர் தந்த பைனரியையும் புதியது தந்ததையும் பைட் பைட்டாக ஒப்பிடத் தோன்றியது. இரண்டும் ஒன்றேதான். அந்த நிரலில் என் ஆப்டிமைசேஷன் ஒரு இடத்தில்கூடத் தலைகாட்டவில்லை. அந்த 3% கணினியின் மனநிலையிலிருந்து வந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு தொகுப்பை வைத்து கம்பைலரைப் பற்றி எதையும் சொல்வதற்கு முன், அந்தத் தொகுப்பையே சோதித்துவிடுவேன். நீங்களே எழுதிய தொகுப்பாக இருந்தாலும், எல்எல்விஎம் டெஸ்ட் சூட், ஸ்பெக் சிபியு 2017 போன்ற பெயர்பெற்ற தொகுப்பாக இருந்தாலும் கீழே உள்ள படிகள் பொருந்தும். லினக்ஸில் ஜிசிசி அல்லது கிளாங் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"கம்பைலர் எவ்வளவு நல்லது?" என்ற கேள்விக்கு எந்தத் தொகுப்பாலும் பதில் சொல்ல முடியாது. "ஓ2-வில் இந்தப் புதிய இன்லைனிங் விதியைச் சேர்த்தால், முழு எண் கணக்கு அதிகமுள்ள நிரல்களின் ஓட்டநேரம் குறைகிறதா, பைனரியின் அளவு எவ்வளவு கூடுகிறது?" என்பது கேள்வி. (ஓ0, ஓ1, ஓ2, ஓ3 என்பவை கம்பைலர் எவ்வளவு ஆப்டிமைஸ் செய்ய வேண்டும் என்று சொல்லும் நிலைகள், ஓஎஸ் என்பது பைனரி அளவைக் குறைக்கும் நிலை. இன்லைனிங் என்பது ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலேயே அதன் கோடை ஒட்டிவிடுவது.) ஓட்டநேரம், கம்பைல் ஆகும் நேரம், பைனரி அளவு ஆகிய மூன்றில் எவற்றை அளக்கப் போகிறீர்கள், எந்த அளவு வித்தியாசம் உங்களுக்குப் பொருட்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1% மாற்றத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் அதற்கான உழைப்பு வேறு, 10% என்றால் வேறு.

படி 2: நீங்கள் சொன்னதைத்தான் பில்ட் செய்கிறதா?

பில்டை விரிவான வெளியீட்டோடு ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்று கண்ணால் பாருங்கள். உள்ளே கிடக்கும் பழைய மேக்ஃபைல் (பில்ட் கட்டளைகள் உள்ள கோப்பு) ஒன்று, நீங்கள் கொடுத்த ஓ3-க்குப் பின்னால் தன் சொந்த ஓ1-ஐ ஒட்டிவிடும். கடைசியாக வந்த கொடிதான் (கம்பைலருக்குக் கொடுக்கும் ஓ3 போன்ற குறி) வெல்லும் என்பதால் உங்கள் ஓ3 சத்தமில்லாமல் செத்துப்போகும்.

ஒரே பெயருள்ள கொடி எல்லாக் கம்பைலரிலும் ஒரே பொருள் தராது என்பதையும் மறக்க வேண்டாம். ஜிசிசி 12 (2022) முதல்தான் ஓ2-விலேயே வெக்டரைசேஷன் (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுவது) நடக்கிறது, அதுவும் மிகச் சிக்கனமான செலவு மாதிரியோடு. கிளாங்கின் ஓ2 அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அதைச் செய்கிறது. ஜிசிசி 11-ஐயும் கிளாங்கையும் "ஓ2-வுக்கு ஓ2" என்று ஒப்பிட்டால், வெக்டரைசேஷன் இருப்பதையும் இல்லாததையும் ஒப்பிட்டதாகத்தான் அர்த்தம்.

அடுத்து, நேரம் எங்கே செலவாகிறது என்று பெர்ஃப் கருவியால் பாருங்கள். ஒரு நிரல் தன் நேரத்தில் 70% சி லைப்ரரியின் மெம்காப்பி, மேலாக், கெர்னல் அழைப்புகள் என்று கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த லைப்ரரி ஏற்கெனவே வேறு யாரோ கம்பைல் செய்து வைத்தது. மீதி 30%-ஐ உங்கள் கம்பைலர் இரு மடங்கு வேகமாக்கினாலும் மொத்த நேரம் 15%தான் குறையும். இப்படிப்பட்ட நிரல் லைப்ரரியை அளக்கிறது, கம்பைலரை அல்ல. அதை எடுத்துவிடுங்கள், அல்லது தனிப் பிரிவில் வையுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பைனரிக்கும் ஒரு ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) எடுத்து முடிவுகளோடு சேமியுங்கள். ஹேஷ் மாறாத நிரல்களை ஒப்பீட்டிலிருந்து தானாகவே விலக்கிவிடுங்கள். எல்எல்விஎம் டெஸ்ட் சூட்டோடு வரும் ஒப்பீட்டு ஸ்கிரிப்டில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

படி 3: விடை சரியா? விடை சரிபார்ப்பவர் சரியா?

தப்பான விடையை வேகமாகத் தரும் நிரலுக்கு மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு நிரலையும் ஓ0-வில் இரண்டு வெவ்வேறு கம்பைலர்களால் கம்பைல் செய்து, இரண்டு வெளியீடுகளும் ஒத்துப்போனால் அதை மேற்கோள் விடையாக வையுங்கள். பிறகு ஓ1, ஓ2, ஓ3, ஓஎஸ் என்று எல்லா நிலைகளிலும் அதோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து அட்ரஸ் சானிடைசர் (மெமரி எல்லை மீறலைப் பிடிப்பது), யுபி சானிடைசர் (மொழியின் விதிகளில் வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிப்பது) இரண்டையும் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். நேரத்தைப் பார்க்க வேண்டாம், புகார் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பெரிய தொகுப்புகளும் இதில் தப்பவில்லை. ஸ்பெக் சிபியு 2006-இல் இருந்த ஹெச்264ரெஃப் நிரலில், வரிசையின் (அரே) எல்லையைத் தாண்டிப் படிக்கும் ஒரு லூப் இருந்தது. 2013-இல் வந்த ஜிசிசி 4.8, எல்லை மீறல் நடக்காது என்ற அனுமானத்தில் லூப் எத்தனை முறை சுற்றும் என்று கணக்கிட ஆரம்பித்தது. அந்த நிரல் உடைந்தது. ஜிசிசியின் வெளியீட்டுக் குறிப்பிலேயே ஹெச்264ரெஃப், கேமெஸ் ஆகிய இரண்டின் பெயரையும் போட்டு எச்சரிக்க வேண்டியதாயிற்று. வரையறுக்கப்படாத நடத்தை உள்ள நிரலை வைத்து கம்பைலரைக் குறை சொல்ல முடியாது, புகழவும் முடியாது.

தசம எண் கணக்குள்ள நிரல்களில் பைட்டுக்கு பைட் ஒப்பீடு வேலைக்கு ஆகாது. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே எஃப்எம்ஏ கட்டளையாக இணைத்தால் இரண்டு தடவைக்குப் பதில் ஒரு தடவைதான் முழுமையாக்கல் (ரவுண்டிங்) நடக்கும். கடைசி இலக்கங்கள் மாறும். ஜிசிசி இயல்பாகவே இந்த இணைப்பைத் தாராளமாகச் செய்யும். கிளாங் ஒரே கோவைக்குள் இருந்தால் மட்டும் செய்யும். இரண்டுமே தவறில்லை. ஆகவே ஒப்பீட்டுக்கு ஒரு சகிப்பு எல்லை வையுங்கள். எல்லாம் தேறட்டும் என்று அதைத் தளர்த்திக்கொண்டே போகாமல், அந்தக் கணக்கின் இயல்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சரிபார்ப்பவரையும் சோதிக்க வேண்டும். வெளியீட்டில் ஒரு எண்ணை வேண்டுமென்றே மாற்றிக் கொடுங்கள். வெளியீட்டைப் பாதியில் வெட்டிக் கொடுங்கள். காலிக் கோப்பைக் கொடுங்கள். மூன்றையும் அது நிராகரிக்க வேண்டும். காலிக் கோப்பை "தேர்ச்சி" என்று சொன்ன சரிபார்ப்பு ஸ்கிரிப்டை நான் பார்த்திருக்கிறேன், அதை எழுதியதும் நான்தான்.

படி 4: வேலை உண்மையில் நடக்கிறதா?

ஆப்டிமைசரின் தொழிலே வேலையைத் தவிர்ப்பது. நீங்கள் அளக்க நினைத்த வேலையையே அது தவிர்த்துவிட்டால், கடிகாரம் காலி லூப்பை அளந்துகொண்டிருக்கும். ஒன்று முதல் ஒரு கோடி வரை கூட்டும் லூப்பை கிளாங்கிடம் கொடுத்துப் பாருங்கள். லூப்பே இருக்காது, சூத்திரத்தால் ஒரு பெருக்கலில் விடையைச் சொல்லிவிடும். விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பெருக்கலும் இருக்காது.

இது பழைய கதை. 1984-இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய ட்ரைஸ்டோன் பெஞ்ச்மார்க்கில், கம்பைலர்கள் புத்திசாலியாக ஆக வேலையின் பல பகுதிகள் காணாமல் போக ஆரம்பித்தன. ஸ்பெக்கின் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்ற நிரல் இருந்தது. கிட்டத்தட்ட அதன் நேரம் முழுவதும் ஒரே வரியில் கழியும். அந்த வரியின் மெமரி அணுகலைத் துண்டு துண்டாக மாற்றியமைக்கக் கம்பைலர்கள் கற்றுக்கொண்டதும் அதன் மதிப்பெண் பல மடங்கு எகிறி, மொத்த சராசரியையும் இழுத்துக்கொண்டு போனது. அடுத்த தொகுப்பில் அதை நீக்கிவிட்டார்கள். 2009-இல் வந்த கோர்மார்க், விடைகளைக் கம்பைல் நேரத்திலேயே கணக்கிட முடியாதபடி உள்ளீடுகள் ஓட்ட நேரத்தில்தான் தெரியவரும் என்று வடிவமைக்கப்பட்டதற்கு இந்த வரலாறுதான் காரணம்.

உங்கள் தொகுப்பில் இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, ஓ0-வையும் ஓ2-வையும் ஒப்பிடுவது. சாதாரண நிரல்களில் சில மடங்கு வித்தியாசம் இருக்கும். ஆயிரம் மடங்கு என்று வந்தால், வேலை ஆவியாகிவிட்டது.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. உள்ளீட்டின் அளவை இரட்டிப்பாக்குங்கள். நேர்கோட்டில் வளரும் வேலை என்றால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். அணிகளைப் பெருக்குவது என்றால், பக்க நீளம் இரட்டித்தால் நேரம் சுமார் எட்டு மடங்காக வேண்டும். கேஷை விட்டு வழிந்தால் அதைவிடவும் கூடும். நேரம் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, சூடான லூப்பின் அசெம்பிளியை நேரடியாகப் படிப்பது. எல்லா நிரல்களுக்கும் இது சாத்தியமில்லை. சிறிய மைக்ரோ பெஞ்ச்மார்க்குகளுக்குக் கட்டாயம் செய்யுங்கள்.

காணாமல் போகும் வேலையைத் தடுக்க, உள்ளீட்டைக் கோப்பிலிருந்தோ கட்டளை வரியிலிருந்தோ படியுங்கள். விடையிலிருந்து ஒரு செக்சம் கணக்கிட்டு அச்சிடுங்கள். மைக்ரோ பெஞ்ச்மார்க்குகளில் கூகுள் பெஞ்ச்மார்க் லைப்ரரியின் டுநாட்ஆப்டிமைஸ் போன்ற தடுப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் தடுப்பை லூப்பின் நடுவில் வைத்தால் வெக்டரைசேஷனையும் சேர்த்தே கொன்றுவிடுவீர்கள். ஆப்டிமைசேஷனை அளக்க வந்து ஆப்டிமைசேஷனைத் தடுப்பது வேடிக்கைதான். முடிந்தவரை தடுப்பை லூப்புக்கு வெளியே வையுங்கள்.

படி 5: இயந்திரத்தை அமைதிப்படுத்துங்கள்

இதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிர்வெண் கவர்னரைப் பெர்ஃபாமன்ஸில் வையுங்கள், டர்போவை அணையுங்கள், ஹைப்பர்த்ரெடிங்கை அணையுங்கள், டாஸ்க்செட் கட்டளையால் நிரலை ஒரு கோரில் கட்டிப்போடுங்கள், உள்ளீட்டுக் கோப்புகளை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (மெமரியிலேயே இருக்கும் கோப்பு அமைப்பு) வையுங்கள், பிரவுசரை மூடுங்கள். மடிக்கணினி வேண்டாம், சூடேறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலர் பங்கிடும் கிளவுட் இயந்திரமும் வேண்டாம்.

ஒரு ரன் சில மில்லிநொடிகளில் முடிந்தால் நிரலை ஏற்றும் நேரமே அதில் பெரும் பங்காகிவிடும். ஒரு ரன் குறைந்தது சில நொடிகளாவது ஓடும்படி உள்ளீட்டைப் பெரிதாக்குங்கள்.

படி 6: தன்னோடு தானே மோதவிடுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நானாக இருந்தால் முதலில் இதையே ஓட்டுவேன்.

ஒரே கம்பைலர், ஒரே கொடிகள், ஒரே பைனரி. அதை இரண்டு பெயர்களில் நகலெடுங்கள். ஒன்றுக்கு "பழையது", மற்றதற்கு "புதியது" என்று பெயர் வைத்து, முழு ஒப்பீட்டையும் வழக்கம்போல் ஓட்டுங்கள். இரண்டு பெயர்களின் நீளமும் ஒன்றாக இருக்கட்டும், காரணம் அடுத்த படியில் வரும். வித்தியாசம் பூஜ்யம் என்று வர வேண்டும். வராது. எவ்வளவு தள்ளி வருகிறதோ அதுதான் உங்கள் தராசின் பிழை.

ஓட்டும் வரிசை முக்கியம். பழையதைப் பத்து முறை ஓட்டி முடித்துவிட்டு அப்புறம் புதியதைப் பத்து முறை ஓட்டினால், நடுவில் அறையின் வெப்பம் மாறினால்கூட அது கம்பைலரின் கணக்கில் ஏறிவிடும். பழையது, புதியது, புதியது, பழையது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள், அல்லது வரிசையைக் குலுக்கிப்போடுங்கள்.

இதை ஒருமுறையல்ல, வெவ்வேறு நாட்களில், நடுவில் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்து, பலமுறை செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக ஓர் எல்லை எழுதுங்கள். ஒரு நிரல் 0.2%-க்குள் நிற்கும், பக்கத்து நிரல் 4% ஆடும். தொகுப்பு முழுவதற்கும் "2%-க்கு மேல் போனால் உண்மை" என்று ஒரே கோடு போடுவது தவறு. முதல் நிரலில் 1% வந்தாலே பெரிய செய்தி, இரண்டாவதில் 3% வந்தாலும் செய்தியே இல்லை.

எல்லை மிக அகலமான நிரல்களை என்ன செய்வது? முதலில் காரணத்தைத் தேடுங்கள். த்ரெட்கள், மெமரி ஒதுக்கீடு, நேரத்தை விதையாகக் கொண்ட ரேண்டம் எண்கள், முகவரியை வைத்து ஹேஷ் செய்யும் டேபிள் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். ரேண்டம் விதையை நிலையாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் அடங்காததைத் தொகுப்பிலிருந்து வெளியேற்றத் தயங்க வேண்டாம்.

படி 7: இடம் மாறினால் வேகம் மாறுகிறதா?

இது கொஞ்சம் கசப்பான படி. ஏ-ஏ சோதனையில் (படி 6-இல் செய்த, தன்னோடு தானே ஒப்பிடும் சோதனை) தேறிய நிரலும் இங்கே சறுக்கும்.

2009-இல் மிட்கோவிச், திவான், ஹாஸ்விர்த், ஸ்வீனி ஆகியோர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிரலோடு எந்தத் தொடர்பும் இல்லாத என்விரான்மென்ட் மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே ஸ்டாக் தொடங்கும் முகவரி நகர்ந்து நேரம் மாறுகிறது. ஆப்ஜெக்ட் கோப்புகளை லிங்க் செய்யும் வரிசை மாறினாலும் அப்படியே. அந்த மாற்றத்தின் அளவு, ஓ2-வுக்கும் ஓ3-க்கும் இடையிலான வித்தியாசத்தைப் பற்றிய முடிவையே புரட்டிப்போடும் அளவுக்கு இருந்தது. 2013-இல் கர்ட்சிங்கரும் பெர்கரும், கோடு, ஸ்டாக், ஹீப் எல்லாவற்றின் இடத்தையும் ஓட்டத்தின்போதே கலைத்துப்போடும் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். எல்எல்விஎம்மில் ஓ2-வைவிட ஓ3 தரும் பலன், இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாததாக இருந்தது.

ஆகவே உங்கள் தொகுப்பிலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு போலி என்விரான்மென்ட் மாறியை வைத்து அதன் நீளத்தை 0 முதல் 4,096 பைட் வரை படிப்படியாகக் கூட்டி ஓட்டுங்கள். இதற்கு மட்டும் செட்ஆர்ச் கட்டளையால் ஏஎஸ்எல்ஆரை (ஒவ்வொரு ஓட்டத்திலும் மெமரி முகவரிகளைக் குலுக்கும் வசதி) அணைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாக் ஒவ்வொரு முறையும் தானாகவே நகரும். பிறகு ஃபங்ஷன்களைத் தனித்தனி செக்ஷனாக கம்பைல் செய்து, எல்எல்டி லிங்கரின் செக்ஷன் குலுக்கும் வசதியால் வெவ்வேறு விதைகளோடு பத்து, இருபது பைனரிகள் செய்து ஓட்டுங்கள். நிரலின் கோடு ஒன்றே, இடம் மட்டும் வேறு.

ஏஎஸ்எல்ஆரை எப்போதும் அணைத்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எண்கள் அழகாக நிற்கும், உண்மைதான். ஆனால் அப்போது ஒரே ஒரு இடஅமைப்பைத்தான் திரும்பத் திரும்ப அளக்கிறீர்கள். துல்லியம் கூடும், நம்பகம் கூடாது. சிறு மாற்றங்களை ஒப்பிடும்போது, இடத்தைக் குலுக்கிய பல பைனரிகளின் சராசரியை எடுப்பதே என் தேர்வு.

இதற்குத் துணையாக பெர்ஃப் ஸ்டேட் தரும் கட்டளை எண்ணிக்கையையும் பதியுங்கள். அது நேரத்தைவிட மிகக் குறைவாகவே ஆடும். நேரம் 3% மாறி, கட்டளை எண்ணிக்கை துளியும் மாறவில்லை என்றால் பெரும்பாலும் இடஅமைப்பின் வேலை. ஆனால் எண்ணிக்கையை நேரத்துக்குப் பதிலியாக்கிவிட வேண்டாம். லூப்பை விரித்தால் கட்டளைகள் குறையும், கேஷ் தவறினால் நேரம் கூடும்.

படி 8: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

இல்லாத வித்தியாசத்தைத் தொகுப்பு காட்டுகிறதா என்று இதுவரை பார்த்தோம். இருக்கும் வித்தியாசத்தைக் காட்டுகிறதா என்பது அடுத்த கேள்வி.

எளிய தந்திரம் ஒன்று உண்டு. நிரலின் முக்கிய வேலையை 100 முறை சுற்றும் வெளி லூப் இருந்தால் அதை 101 ஆக்குங்கள். துல்லியமாக 1% கூடுதல் வேலை. தொகுப்பு அதைக் கண்டுபிடிக்கிறதா? 102, 105 என்று ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் முதலில் விழித்துக்கொள்கிறது என்று குறியுங்கள். படி 1-இல் 1% பொருட்டு என்று எழுதிவிட்டு இங்கே 5%-இல்தான் விழிக்கிறது என்றால், ரன்களைக் கூட்டுங்கள், அல்லது கேள்வியை மாற்றுங்கள்.

அப்புறம் ஆப்டிமைசேஷன்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். இன்லைனிங் இல்லாமல், லூப் வெக்டரைசேஷன் இல்லாமல், லூப் விரிப்பு இல்லாமல், அலையாஸ் விதிகளைப் பயன்படுத்தாமல் என்று தனித்தனி பில்ட் செய்து ஓட்டுங்கள். வரிசையில் நிரல்கள், பத்தியில் ஆப்டிமைசேஷன்கள், கட்டத்தில் வேக மாற்றம் என்று ஒரு அட்டவணை போடுங்கள். அதைப் படிக்க ஒரு மணி நேரம் செலவிடலாம்.

ஒரு பத்தி முழுவதும் வெறுமையாக இருந்தால், அந்த ஆப்டிமைசேஷன் உங்கள் தொகுப்பின் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். அதில் நாளை யாராவது பிழை செய்தாலும் தெரியாது. ஒரு வரிசை முழுவதும் வெறுமையாக இருந்தால் அந்த நிரல் கம்பைலரை அளக்கவில்லை. இரண்டு வரிசைகள் எப்போதும் ஒன்றாகவே ஏறி இறங்கினால், ஒரே குணத்துக்கு இரண்டு ஓட்டு விழுகிறது. ஒன்று போதும்.

ஒரே ஒரு நிரல் மட்டும் அளவுக்கு மீறித் துள்ளினால், அதையும் நோண்டிப் பாருங்கள். 2024-இல் ஸ்பெக் அமைப்பு, தான் முன்பு வெளியிட்ட 2,600-க்கும் மேற்பட்ட சிபியு 2017 முடிவுகளைச் செல்லாது என்று குறித்தது. இன்டெல் கம்பைலரில் இருந்த ஓர் ஆப்டிமைசேஷன், அந்தத் தொகுப்பில் உள்ள ஸலான்சிபிஎம்கே நிரலின் கோடை முன்கூட்டியே அறிந்து அதற்கென்றே செயல்படுகிறது என்பது காரணம். உங்கள் தொகுப்பிலும் இப்படி நடக்கிறதா என்று பார்க்க, சந்தேகத்துக்குரிய நிரலின் மூலக் கோடை அர்த்தம் மாறாமல் சற்றுத் திருத்தி எழுதுங்கள். மாறிகளின் பெயர், ஸ்ட்ரக்ட் உறுப்புகளின் வரிசை, ஃபங்ஷன்களின் எல்லை ஆகியவற்றை மாற்றலாம். பெற்ற வேகம் அப்படியே ஆவியானால், அந்த ஆப்டிமைசேஷன் பொதுவானதல்ல.

படி 9: எண்களைச் சேர்க்கும் இடம்

இரண்டு நிரல்கள், இரண்டும் 10 நொடி. புதிய கம்பைலரில் ஒன்று 5 நொடி, மற்றது 20 நொடி. வேக விகிதங்கள் 2, 0.5. சாதாரண சராசரி 1.25, அதாவது புதியது 25% வேகம். கணக்கைத் தலைகீழாக, பழையதைப் புதியதோடு ஒப்பிட்டாலும் அதே 1.25. இரண்டும் ஒன்றையொன்று வெல்கின்றன! பெருக்குச் சராசரி (விகிதங்களைப் பெருக்கி மூலம் எடுப்பது) 1 என்று நேர்மையாகச் சொல்லும். விகிதங்களைச் சேர்க்கப் பெருக்குச் சராசரியையே பயன்படுத்துங்கள். ஸ்பெக்கும் அதையே செய்கிறது.

ஆனால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் வெளியிட வேண்டாம். ஒவ்வொரு நிரலின் மாற்றமும், அதன் நம்பக இடைவெளியும் கூடவே இருக்கட்டும். இடைவெளி கணக்கிட பூட்ஸ்டிராப் முறை (அளந்த நேரங்களிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுப்பது) எளிது, நேரங்கள் எந்த வடிவில் சிதறியிருந்தாலும் ஓரளவு தாங்கும். அப்புறம் இன்னொன்று: 100 நிரல்கள் உள்ள தொகுப்பில், தற்செயலாகத் தவறும் வாய்ப்பு 5% இருக்கலாம் என்று அளவுகோல் வைத்தால், எதுவுமே மாறாதபோதும் ஏறக்குறைய ஐந்து நிரல்கள் "மாறிவிட்டன" என்று கத்தும். தனியாகத் துள்ளும் நிரலைப் புதிதாக மறுபடி ஓட்டி, இரண்டாவது தடவையும் துள்ளினால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

படி 10: சோதனையைச் சேமித்து வையுங்கள்

ஒவ்வொரு ரன்னின் மூல நேரத்தையும் சேமியுங்கள், சராசரியை மட்டும் வைத்தால் பின்னால் எதையும் திரும்பிப் பார்க்க முடியாது. கம்பைலரின் கமிட், கொடிகள், கெர்னல், சி லைப்ரரி, மைக்ரோகோட் பதிப்பு, பைனரி ஹேஷ் எல்லாம் அதே கோப்பில் இருக்கட்டும். படி 6-இன் ஏ-ஏ ஒப்பீட்டையும் படி 8-இன் 101 தந்திரத்தையும் ஒரு ஸ்கிரிப்டாக்கி, கெர்னலையோ பயாஸையோ புதுப்பித்த ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். எல்லைகள் நகர்ந்திருந்தால் பழைய எண்களோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, அடிப்படைக் கம்பைலரை அதே இயந்திரத்தில் மறுபடி அளந்து புதிய கணக்கைத் தொடங்குங்கள்.